சுண்டெலி மூளையை வெட்டாமல் உள்ளே பார்ப்பது எப்படி: காந்த ஒத்ததிர்வு நுண்படமெடுப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் படுத்து எழுந்தவர்களுக்கு, அது பெரிய உடலைப் பார்க்கும் பெரிய எந்திரம் என்றே மனதில் பதிந்திருக்கும். ஆனால் 1973இல் பால் லாட்டர்பர் வெளியிட்ட முதல் படத்தில் இருந்தவை நீர் நிரப்பிய இரண்டு நுண்குழாய்கள்தான். ஒவ்வொன்றின் உள்விட்டமும் 1 மில்லிமீட்டர். அவற்றைச் சுற்றி 4.2 மில்லிமீட்டர் குழாயில் கனநீர். சின்னப் பொருளைப் பார்த்தே பிறந்த நுட்பம் இது. 1986இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் அகுவாயோவும் உடன் உழைத்தவர்களும் ஆப்பிரிக்க நகத்தவளையின் ஒற்றை முட்டைச் செல்லைப் படமெடுத்தார்கள். தளத்தில் 10க்கு 13 மைக்ரான், சீவலின் தடிமன் 250 மைக்ரான். ஒரு செல்லுக்குள் உட்கருவைக் காந்தத்தால் பிரித்துப் பார்க்க முடியும் என்பது அன்று உறுதியானது.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை போகிறேன்: பதப்படுத்திய சுண்டெலி மூளை. ஆய்வகங்களில் அதிகம் கிடைப்பது அதுதான். அதில் கற்ற பாடம் விதைக்கும் தண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் பெரும்பாலும் பொருந்தும். புதிதாக வரும் மாணவர்கள் காந்தத்தின் முன் உட்கார்ந்து எண்களை மாற்றுவதில்தான் திறமை இருக்கிறது என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், மாதிரி காந்தத்துக்குள் இறங்கும் முன்பே படத்தின் தலைவிதியில் முக்கால் பங்கு எழுதியாகிவிடுகிறது. அதனால் இங்கும் முன்வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: கேள்வி இந்த நுட்பத்துக்கு ஏற்றதா?

ஒளி நுண்ணோக்கி அரை மைக்ரான் வரை சாதாரணமாகப் பார்க்கிறது. நாம் 50 மைக்ரானுக்கே ஒரு இரவு உழைக்கப்போகிறோம். அப்படியிருக்க இது எதற்கு? மூளையைச் சீவ வேண்டாம், நீர் நீக்க வேண்டாம், மெழுகில் பதிக்க வேண்டாம். மண்டையோட்டுக்குள் இருந்த வடிவம் அப்படியே முப்பரிமாணத்தில் கிடைக்கிறது. நினைவுக்கான மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸின் கன அளவு சுருங்கியிருக்கிறதா, வெண்பொருள் நார்க்கற்றைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்த இடம் எது என்ற கேள்விகளுக்கு இது பொருத்தமான கருவி. குறிப்பிட்ட புரதம் எந்தச் செல்லில் இருக்கிறது என்பது உங்கள் கேள்வியானால் இதை விட்டுவிட்டு ஆன்டிபாடி சாயத்துக்குப் போங்கள். இரண்டும் ஒன்றையொன்று நிரப்புபவை. அதைக் கடைசிப் படியில் பார்ப்போம்.

படி 2: கணக்கு போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் வாரக்கணக்கில் காந்த நேரத்தை வீணாக்குகிறார்கள். நிதானமாகப் படியுங்கள்.

9.4 டெஸ்லா காந்தத்தில் நீரின் புரோட்டான்கள் 400 மெகாஹெர்ட்ஸில் சுழல்கின்றன. அறை வெப்பநிலையில், காந்தப்புலத்தோடு ஒத்து நிற்கும் புரோட்டான்களுக்கும் எதிர்த்து நிற்பவற்றுக்கும் உள்ள வித்தியாசம் 10 லட்சத்துக்குச் சுமார் 32 மட்டுமே. நமக்குக் கிடைக்கும் சிக்னல் முழுக்க அந்த 32இலிருந்து வருகிறது. மருத்துவமனைப் படத்தில் ஒரு வாக்ஸல், அதாவது படத்தின் மிகச்சிறிய கனசதுரம், பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பக்கத்தை 50 மைக்ரானாகக் குறைத்தால் கன அளவு 8,000 மடங்கு குறைகிறது. 10 மைக்ரான் என்றால் 10 லட்சம் மடங்கு. சிக்னலும் அதே விகிதத்தில் விழும்.

திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்தால் இரைச்சல் குறையும், ஆனால் வர்க்கமூல விகிதத்தில்தான். வாக்ஸலின் பக்கத்தைப் பாதியாக்கினால் சிக்னல் எட்டில் ஒரு பங்காகிறது. அதே தெளிவு வேண்டுமானால் எட்டின் வர்க்கம், 64 மடங்கு நேரம் தேவை.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பார்வைப் பரப்பு 18க்கு 12க்கு 12 மில்லிமீட்டர். பக்கத்துக்கு 50 மைக்ரான் என்றால் 360க்கு 240க்கு 240 புள்ளிகள். ஒவ்வொரு ரேடியோ அலைத் துடிப்பும் ஒரு வரிசையின் 360 புள்ளிகளையும் ஒன்றாகத் தந்துவிடும். ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 100 மில்லிவிநாடி என்று வைத்தால், 240ஐ 240ஆல் பெருக்கி, 0.1 விநாடியால் பெருக்க 5,760 விநாடி, அதாவது 96 நிமிடம். இதே தெளிவோடு 25 மைக்ரான் வேண்டுமென்றால் 96ஐ 64ஆல் பெருக்குங்கள்: 102 மணி நேரம். நான்கு நாளுக்கும் மேல்.

நீண்ட நேரம் ஓடவிட்டால் போதும் என்ற எண்ணம் இந்தக் கணக்கோடு உடைந்துவிட வேண்டும். நேரத்தை நம்பி பிரிதிறனைக் கூட்ட முடியாது. வேறு இடங்களில் சம்பாதிக்க வேண்டும்: வலுவான காந்தம், சிக்னலைப் பிடிக்கும் சிறிய கம்பிச்சுருள் (காயில்), சாயம் ஏற்றிய மாதிரி, குறைவாக அளந்து மீட்டெடுக்கும் கணித முறை. டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ஜான்சனின் குழு இவை அனைத்தையும் பல பத்தாண்டுகளாக ஒன்றுசேர்த்துத்தான், 2023இல் வெளியான ஆய்வில், 9.4 டெஸ்லாவில் முழுச் சுண்டெலி மூளையை 15 மைக்ரானில் காட்டியது.

படி 3: மாதிரியைப் பதப்படுத்துதல்

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில். இதயத்தின் வழியே திரவம் செலுத்திப் பதப்படுத்தும் வேலையைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும். ஃபார்மால்டிஹைடு நச்சு, புகை உறிஞ்சும் கூண்டுக்குள்தான் கையாள வேண்டும்.

முதலில் உப்புக்கரைசலோடு, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் செலுத்தி இரத்தத்தை முழுக்க வெளியேற்றுங்கள். இரத்தம் தேங்கிய நாளத்தில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் இருக்கும். அது காந்தப்புலத்தைக் கெடுத்து, நாளத்தைவிடப் பெரிய கரும்புள்ளியாகப் படத்தில் தெரியும். அதன் பின் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு. தோல், தாடை, தசைகளை நீக்கிவிட்டு, மூளையை மண்டையோட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். வெளியே எடுத்தால் முகர்குமிழ் பிய்ந்துபோகும், சிறுமூளையின் பக்கமடல்கள் மண்டையோட்டோடு போய்விடும். வடிவத்தை அளக்கத்தானே இவ்வளவு பாடு.

அடுத்தது சாயம், கடோலினியம். மருத்துவமனையில் இரத்தநாளத்தில் ஏற்றும் கடோடெரிடால் மருந்தேதான். பாஸ்பேட் பஃபர் கரைசலில் 2.5 மில்லிமோலார் அளவுக்குக் கலக்க வேண்டும். 0.5 மோலார் மருந்தானால் 200 மடங்கு நீர்த்தல். மூளையை இதில் ஊறப்போட்டு, குளிர்பெட்டியில் 4 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். இந்த ஊறலில் இரண்டு காரியம் நடக்கிறது. மிச்சமிருக்கும் ஃபார்மால்டிஹைடு வெளியேறுகிறது, அது இருந்தால் டி2, அதாவது துடிப்புக்குப் பின் சிக்னல் மங்க எடுக்கும் காலம், குறைந்து சிக்னல் சீக்கிரம் மங்கும். கடோலினியம் உள்ளே பரவி டி1ஐச் சுருக்குகிறது.

டி1 என்பது, ஒரு துடிப்புக்குப் பின் புரோட்டான்கள் மறுபடி காந்தத்தோடு வரிசைக்கு வர எடுக்கும் காலம். சாயம் இல்லாத திசுவில் அது ஒரு விநாடியை ஒட்டி இருக்கும். சாயம் ஏறினால் 100 மில்லிவிநாடி அளவுக்கு வரும். நம் 100 மில்லிவிநாடி இடைவெளியில், சாயமில்லாத மூளை, துடிப்பால் புரோட்டான்களை ஏற்ற கோணத்தில் சாய்த்தாலும், தன் முழுச் சிக்னலில் 22 சதவீதம்தான் தரும். சாயம் ஏறியது 68 சதவீதம் தரும். மூன்று மடங்கு சிக்னல் என்றால், நேரக் கணக்கில் ஒன்பது மடங்கு. மூன்று வாரப் பொறுமை காந்த நேரத்தை ஒன்பதில் ஒரு பங்காக்குகிறது. ஒரு வாரத்தில் எடுத்துவிட்டால் மூளையின் நடுப்பகுதிக்குச் சாயம் போய்ச் சேர்ந்திருக்காது. ஓரம் வெளிச்சமாகவும் நடு மங்கலாகவும் வரும் படத்தைப் பார்த்து, அதை நோயின் அறிகுறி என்று வாசித்துவிடும் ஆபத்தும் உண்டு. குழுக்களை ஒப்பிடும் ஆய்வானால் எல்லா மூளைகளும் ஒரே எண்ணிக்கை நாட்கள் ஊறியிருக்க வேண்டும். பேரேட்டில் தேதி எழுதுங்கள்.

படி 4: குழாயில் பொருத்துதல்

காற்றுக்குமிழி இந்த வேலையின் முதல் எதிரி. காற்றின் காந்த ஏற்புத்திறனும் நீரின் ஏற்புத்திறனும் வேறு. கடுகளவுக் குமிழி, தன்னைவிடப் பல மடங்கு பரப்பில் புலத்தை வளைத்து அங்கே படத்தை இருட்டாக்கும், நெளிக்கும். என் முதல் நீண்ட அளவீட்டில், பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவிலுள்ள பிளவில் ஒரு குமிழி தங்கியிருந்தது. 40 மணி நேரம் ஓடிய பின்தான் தெரிந்தது. அங்கே இருந்த கோலிக்குலஸ் பகுதி முழுவதும் போயிற்று. அன்றிலிருந்து இந்த வரிசையை மீறியதில்லை:

மூளையைப் பஃபரிலிருந்து எடுத்து, நூல் உதிராத தாளால் மேற்பரப்பு ஈரத்தை மெல்ல ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். சரியான அளவுள்ள பிளாஸ்டிக் குழாயில் வைத்து ஃபாம்ப்ளின் ஊற்றுங்கள். இது ஃப்ளூரின் ஏறிய எண்ணெய், புரோட்டானே கிடையாது, அதனால் படத்தில் கரும்பின்னணியாக நிற்கும். மாதிரி காயாமலும் காக்கும். விலை அதிகம், வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தலாம். புதியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இதன் அடர்த்தி நீரைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மூளை அதில் கட்டையைப் போல் மிதக்கும். மேலிருந்து பிளாஸ்டிக் அடைப்பு வைத்து அமிழ்த்தி, அசையாமல் பொருத்த வேண்டும். பிறகு மூடியைத் தளர்த்தி, குழாயை வெற்றிடக் கலத்தில் வைத்துக் காற்றை மெதுவாக இறக்குங்கள். குமிழிகள் மேலே வரும். வேகமாக இறக்கினால் திரவம் பொங்கித் திசு கிழியும். குமிழி நின்றதும் குழாயைத் தட்டிச் சாய்த்து, இன்னொரு முறை. மூன்றாவது முறையும் ஏதாவது வந்தால் நான்காவது முறையும் செய்யுங்கள்.

படி 5: காயில்

மாதிரியைச் சுற்றி நின்று சிக்னலைப் பிடிப்பது ரேடியோ அதிர்வெண் காயில். அதன் விட்டம் குறையக் குறைய உணர்திறன் கூடும். ஹூல்ட், ரிச்சர்ட்ஸ் இருவரும் 1976இல் எழுதிய ஆய்வு, அதே அளவுள்ள சேணவடிவக் காயிலைவிட நேரான கம்பிச்சுருள் சுமார் மூன்று மடங்கு சிக்னல் தரும் என்று காட்டியது. ஒரு நிபந்தனை: சுருளின் அச்சு முதன்மைக் காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் காந்தத்தில் குழாயைப் படுக்கவைக்க வேண்டும் என்பதால், 89 மில்லிமீட்டர் துளைக்குள் இடம் நெருக்கும்.

மாதிரிக்கும் காயிலுக்கும் இடையே காற்று எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. 11 மில்லிமீட்டர் மூளையை 25 மில்லிமீட்டர் காயிலில் வைத்து எடுப்பது, கூடை நிறையத் தண்ணீர் இறைப்பது போல. 2002இல் சியோபானு, சீபர், பென்னிங்டன் மூவரும் சுமார் 3.3 மைக்ரான் பக்கமுள்ள வாக்ஸல்களைத் தொட்டது, மயிரிழை போன்ற நுண்காயிலால்தான். பெரிய மாதிரியை அதில் வைக்க முடியாது, அவ்வளவுதான் விலை. கையில் திரவ நைட்ரஜன் அல்லது ஹீலியத்தால் குளிர்விக்கும் காயில் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். மின் இரைச்சல் குறைவதால் வெகுவாக உதவும்.

படி 6: காந்தத்துக்குள் இறக்கியபின்

இங்கே வேகமாகப் போகலாம், ஒழுங்காகச் செய்தால் அரை மணி நேர வேலை. உலோகப் பொருட்களை வெளியே வையுங்கள். மாதிரியை இறக்கி, காயிலை 400 மெகாஹெர்ட்ஸுக்கு இசைத்து, அதன் மின்மறுப்பை 50 ஓமுக்குப் பொருத்துங்கள். பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி பாருங்கள், வெப்பம் நிலைக்கும்போது இசைவு நகரும். புலத்தைச் சீராக்கும் ஷிம் சுருள்களைச் சரிசெய்து, அதிர்வெண் வரைபடத்தில் நீரின் சிகரம் மெலியும்வரை புலத்தைச் சமன்படுத்துங்கள். அகலமான, இரட்டை உச்சியுள்ள சிகரம் வந்தால் குமிழி இருக்கிறது என்று பொருள். வெளியே எடுத்து படி 4க்குத் திரும்புங்கள். எண்களால் அதை மறைக்க முயலாதீர்கள். துடிப்பின் ஆற்றலை அளந்து கோணத்தை உறுதிசெய்யுங்கள். 200 மைக்ரானில் ஒரு முழுச் சோதனைப் படம் எடுத்து, ஒவ்வொரு சீவலையும் கண்ணால் பாருங்கள்.

படி 7: முக்கிய அளவீடு

முப்பரிமாண கிரேடியன்ட் எதிரொலி முறையில் தொடங்குங்கள். கிரேடியன்ட் என்பது இடத்துக்கு இடம் சீராக மாறும் கூடுதல் காந்தப்புலம், சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று சொல்வது அதுதான். டி1 100 மில்லிவிநாடி, துடிப்பு இடைவெளி 100 மில்லிவிநாடி என்றால் சாய்வுக்கோணம் சுமார் 68 டிகிரி. சாயம் அதிகமாகவோ குறைவாகவோ ஏறியிருந்தால் கோணம் மாறும், அதனால் டி1ஐ உண்மையிலேயே அளந்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

வாசிப்புக் காலத்தை 4 மில்லிவிநாடி என்று வைத்தால், 50 மைக்ரானுக்கு மீட்டருக்கு சுமார் 0.12 டெஸ்லா கிரேடியன்ட் போதும். 10 மைக்ரானுக்கு 0.59 டெஸ்லா வேண்டும். மருத்துவமனை எந்திரங்களில் பொதுவாக இருப்பது 0.04 முதல் 0.08. நுண்படமெடுப்புக்கான கிரேடியன்ட் தொகுப்புகள் மீட்டருக்கு 1.5, 3 டெஸ்லா வரை போகும், அதனால்தான் தனிக்கருவி தேவைப்படுகிறது. அவை சூடாகும் என்பதால் குளிர்நீர் சீராக ஓடுகிறதா என்று தொடங்குமுன் பாருங்கள். மாதிரி ஒரு டிகிரி சூடானாலும் நீரின் நடமாட்டம் மாறிவிடும்.

இன்னும் சிறிதாகப் போக நினைப்பவர்களுக்கு ஒரு சுவர் காத்திருக்கிறது. நீர் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. தடையற்ற நீரில் 4 மில்லிவிநாடிக்குள் ஒரு மூலக்கூறு சராசரியாக 4 மைக்ரான் நகர்ந்துவிடுகிறது. 50 மைக்ரான் வாக்ஸலில் அது பொருட்டில்லை. 5 மைக்ரானில், அளந்து முடிப்பதற்குள் பொருள் பக்கத்து அறைக்குப் போய்விட்டது. அதற்கும் கீழே போக வேறு வழிகள் உண்டு: 2009இல் ஐ.பி.எம். ஆல்மடன் ஆய்வகம் மெல்லிய நெம்புகோலில் விழும் காந்த விசையை அளந்து, புகையிலைத் தேமல் வைரஸை 4 நானோமீட்டர் அளவில் காட்டியது. உறைநிலைக்கும் மிகக் கீழே, வெற்றிடத்தில் செய்த வேலை அது. நம் மூளைக்கு அது ஆகாது.

படி 8: நீரின் நடமாட்டத்தையே படமாக்குதல்

மேலே தடையாக வந்த நீர் மூலக்கூறுகளின் அதே நகர்வு, அதாவது விரவல், இங்கே நமக்குக் கண். இந்த நுட்பத்தில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். நரம்பிழையின் ஓரமாக நீர் சுலபமாக ஓடும், குறுக்கே ஓடாது. ஒவ்வொரு திசையிலும் ஓட்டத்தை அளந்தால், வாக்ஸலைவிட மிகச் சிறிய இழைகளின் திசை தெரிந்துவிடுகிறது. 1965இல் ஸ்டெஜ்ஸ்கல், டானர் அமைத்த இரட்டை கிரேடியன்ட் துடிப்புதான் அடிப்படை. 1994இல் பாஸர், மாட்டியல்லோ, லெ பிகான் அதை, எல்லாத் திசைகளின் ஓட்டத்தையும் ஒன்றாக விவரிக்கும் டென்சர் கணிதமாக்கினார்கள்.

அளவீடு விரவலை எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்பதைச் சொல்லும் எண் பி-மதிப்பு. உயிருள்ள மூளைக்கு அது 1,000 போதும். பதப்படுத்திய மூளையில் விரவல் பாதிக்கும் கீழே விழுந்திருக்கும், ஆகவே 3,000 முதல் 4,000 வரை வையுங்கள். 4 மில்லிவிநாடித் துடிப்பு, 12 மில்லிவிநாடி இடைவெளியில் பி-மதிப்பு 4,000 வேண்டுமானால் மீட்டருக்கு 0.57 டெஸ்லா கிரேடியன்ட் தேவை. முதல் முயற்சியில் 100 மைக்ரானே எடுங்கள். 30 திசை, திசையில்லாத 3 படம், ஆக 33. ஒவ்வொன்றும் 24 நிமிடம் என்றால் 13 மணி நேரம், ஓர் இரவு. 50 மைக்ரானானால் இதே எண்ணிக்கைக்கு 53 மணி நேரம் ஆகும். தெளிவும் குறையும். முதல் அரை மணி நேரத்தின் தரவை எறிந்துவிடுங்கள், அதற்குள் கிரேடியன்ட் சூடாகி நிலைபெறும்.

படி 9: தரவிலிருந்து படத்துக்கு

அளந்த சிக்னலைப் படமாக்கும் ஃபூரியே மாற்றம் என்ற கணக்கை மென்பொருள் செய்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அளந்த தரவின் ஓரங்களில் பூஜ்யம் நிரப்பி 50ஐ 25 மைக்ரான் போலக் காட்டலாம். பார்க்க மென்மையாக இருக்கும், பிரிதிறன் கூடியிருக்காது. கட்டுரையில் எழுதும்போது அளந்த எண்ணையே எழுதுங்கள். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடும்போது, கரும்பின்னணியின் திட்டவிலக்கத்தை 0.655ஆல் வகுக்க மறக்காதீர்கள். அளவுப் படத்தில் எதிர்மறை எண்கள் நேர்மறையாக மடிந்துவிடுவதால் இரைச்சல் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். குறைவாக அளந்து மீட்டெடுக்கும் சுருக்க அளவீட்டு முறையை லஸ்டிக், டொனோஹோ, பாலி 2007இல் எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுவந்தார்கள். அது நேரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்தும். அதை நம்பும் முன், ஒரு மூளையை முழுமையாகவும் ஒருமுறை அளந்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

டென்சரிலிருந்து வரும் திசைத்தன்மை எண் குறைந்தால் நரம்பிழை சிதைந்தது என்று உடனே எழுதிவிடாதீர்கள். ஒரே வாக்ஸலில் இரண்டு கற்றைகள் குறுக்கே கடந்தாலும் அந்த எண் குறையும். 2012இல் வந்த நோடி போன்ற கணித மாதிரிகள் இழைகளின் அடர்த்தியையும் சிதறலையும் பிரித்துச் சொல்கின்றன. ஆனால் அவை தரும் எண்களும் சில ஊகங்களின் மேல் நிற்பவை. பதப்படுத்திய திசுவுக்கு அந்த ஊகங்களை மாற்றியமைக்க வேண்டும், உயிருள்ள மூளைக்கான நீரின் விரவல் மதிப்பை அப்படியே விட்டுவைத்தால் விடை தவறும்.

படி 10: அதே மூளையைச் சீவிப் பார்த்தல்

ஃபாம்ப்ளினை வடித்துவிட்டு மூளையை மீண்டும் பஃபரில் போடுங்கள். போதிய நாள் விட்டால் கடோலினியம் பெரும்பாலும் கழுவப்பட்டுவிடும், திசு கெடுவதில்லை. இப்போது மண்டையோட்டிலிருந்து எடுத்து, நரம்புச் செல்களைக் காட்டும் நிஸ்ஸில் சாயத்துக்கோ மயலின் சாயத்துக்கோ, வசதியிருந்தால் திசுவைக் கண்ணாடிபோல் தெளிவாக்கி ஒளித்தகடு நுண்ணோக்கிக்கோ அனுப்புங்கள். தெளிவாக்கும் வேதிப்பொருட்களில் மூளை வீங்கும் அல்லது சுருங்கும். அந்தக் கோணலைத் திருத்த, மண்டையோட்டுக்குள் எடுத்த காந்தப் படத்தை அளவுகோலாக வைத்து ஒளிப்படத்தை அதன்மேல் பொருத்த வேண்டும். ஜான்சனின் குழு 2023இல் செய்ததும் இதைத்தான்.

பொருத்தும்போது கார்பஸ் கலோசத்தின் முன்முனை, முன்புற இணைப்புக்கற்றை, ஹிப்போகாம்பஸின் பற்சுருள் வளைவு ஆகிய மூன்றையும் கையால் குறித்துவிட்டு, பிறகு தானியங்கி மென்பொருளை ஓடவிடுங்கள். மூன்றும் இரண்டு வாக்ஸலுக்குள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தால், அதற்குப் பிறகு வரும் எண்களை எழுதத் தொடங்கலாம்.